ஏரிக்கரையில் ஆங்கிலம் கூவியவர்கள்

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை காலை. சீனாவில் ஏதோ ஒரு பல்கலைக்கழகம். ஒன்பது மணித் தேர்வுக்கு முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லார் தலையிலும் ஹெட்போன். பாட்டுக் கேட்பதற்கல்ல. அது எஃப்.எம். ரேடியோ, காதிலேயே மாட்டிக்கொள்ளும் வகை. வளாகத்துக்குள்ளிருந்து குறிப்பிட்ட ஓர் அலைவரிசையில் ஆங்கிலச் செய்தி, உரையாடல், சின்னச் சின்னப் பேச்சு என்று 25 நிமிடம் ஒலிபரப்பாகும். கேட்டுக் கேட்டு விடை குறிக்க வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் 35 விழுக்காடு அந்தக் காதுக்குத்தான். நடுவில் பேட்டரி தீர்ந்தால், அடுத்த வாய்ப்பு டிசம்பரில். அதனால் முந்தின நாளே சோதனை ஒலிபரப்பு நடக்கும்; விடுதி ஜன்னல்தோறும் மாணவர்கள் ரேடியோவைத் திருகிக்கொண்டு நிற்பார்கள். பட்டம் வாங்கிக்கொண்டு போகும் சீனியர்கள் தங்கள் ஹெட்போனைப் பாதி விலைக்கு ஜூனியர்களிடம் தள்ளிவிட்டுப் போவதும் உண்டு.

தேர்வின் பெயர் கல்லூரி ஆங்கிலத் தேர்வு. ஆங்கிலத்தை முதன்மைப் பாடமாக எடுக்காத எல்லாருக்கும் பொதுவானது: பொறியியல், மருத்துவம், வேளாண்மை, வரலாறு என்று எவர் படித்தாலும். நான்காம் படி, ஆறாம் படி என்று இரண்டு உண்டு. மாணவர் பேச்சில் வெறும் ‘நாலு’, ‘ஆறு’. ஒன்றும் இரண்டும் மூன்றும் எங்கே போயின என்று கேட்கத் தோன்றும். 1980-களின் நடுவில் வந்த பாடத்திட்டம் கல்லூரி ஆங்கிலத்தை ஆறு படிகளாகப் பிரித்தது. நான்குவரை எல்லாரும் ஏறியாக வேண்டும். ஐந்தும் ஆறும் இன்னும் கொஞ்சம் மூச்சுள்ளவர்களுக்கு. தேசிய அளவில் தேர்வு வைத்தது நான்கின் முடிவிலும் ஆறின் முடிவிலும் மட்டும். நான்காம் படித் தேர்வு முதன்முதலாக நடந்தது 1987 செப்டம்பரில். ஆறாம் படி 1989 ஜனவரியில். அந்த நான்குதான் சீனாவில் இரண்டு தலைமுறைப் பட்டதாரிகளின் தூக்கத்தைக் கெடுத்தது.

அந்த முதல் தேர்வுக்குப் பதினான்கு ஆண்டு முன்னால் அதே நாட்டில் ஆங்கிலத் தேர்வு எழுதவைப்பதே குற்றமாகியிருந்தது.

1950-களில் சீனாவின் அந்நிய மொழி ரஷ்யன். மாஸ்கோவோடு உறவு முறிந்த பிறகு, 1960-களில் ஆங்கிலம் முதலிடத்துக்கு வந்தது. வந்து நிலைப்பதற்குள் கலாசாரப் புரட்சி. ஆங்கிலம் கற்பித்தவர்கள் ‘அந்நிய அடிவருடி’ ஆனார்கள்; பல்கலைக்கழக நுழைவுத் தேர்வே நின்றுபோனது. 1973 ஜூலையில் ஹேனான் மாகாணத்தின் தாங்ஹே பகுதியில், ஒரு கிராமப்புற நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலத் தேர்வு நடந்தது. ஒரு மாணவி விடைத்தாளின் பின்பக்கத்தில் கிண்டலாக நாலு வரி எழுதிவைத்தாள். சீனராய்ப் பிறந்தவருக்கு அந்நிய மொழி எதற்கு, ஏ பி சி டி தெரியாமலே புரட்சிக்கு வாரிசாகலாமே என்பது சாரம். பள்ளியில் கண்டித்தார்கள். எல்லார் முன்பாகவும் அவமானப்பட்ட அந்தப் பெண், நீர்த்தேக்கத்தில் குதித்து இறந்தாள்.

சில மாதங்களில் செய்தி மாவோவின் மனைவி ஜியாங் சிங் காதுக்கு எட்டியது. கல்வியில் பழைமைவாதம் தலைதூக்குகிறது என்பதற்கு அவருக்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது, கிடைத்துவிட்டது. தலைமையாசிரியரும் வகுப்பாசிரியரும் சிறைக்குப் போனார்கள். நாடு முழுவதும் பள்ளிகளில் கண்டனக் கூட்டங்கள். ஓர் ஆங்கில வினாத்தாள் இந்த அளவுக்கு அரசியலானது வேறெங்கும் நடந்திருக்குமா என்பது சந்தேகம். மாவோ காலம் முடிந்த பிறகே இருவர் மீதான பழி துடைக்கப்பட்டது.

1977 டிசம்பரில் நுழைவுத் தேர்வு திரும்பவும் வந்தது. ஏறக்குறைய 57 லட்சம் பேர் எழுதினார்கள். இடம் கிடைத்தது சுமார் 2.7 லட்சம் பேருக்கு. வயலிலும் ஆலையிலும் பத்து வருடம் போக்கிய முப்பது வயதுக்காரரும் பள்ளி முடித்த பையனும் ஒரே பெஞ்சில். ஆங்கிலத்தை உடனே அவர்கள் தலையில் கட்ட முடியாது. கற்பிக்க ஆளே இல்லையே! அதனால் அந்நிய மொழி மதிப்பெண்ணைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தார்கள். 1978-ல் தேர்வு உண்டு, ஆனால் கூட்டுத்தொகையில் சேராது. 1979-ல் பத்து விழுக்காடு. பிறகு முப்பது, ஐம்பது, எழுபது. 1983-ல்தான் முழு மதிப்பெண்.

இந்த ஏணியில் ஒரு கிராமத்துப் பையன் ஏறியதைப் பார்த்தால் காலத்தின் போக்கு புரியும். ஜியாங்சு மாகாணத்து விவசாயக் குடும்பம். பெயர் யூ மின்ஹோங். ஆங்கிலப் படிப்பையே குறிவைத்தவர், 1978-ல் ஆங்கிலத்தில் 33 வாங்கித் தோற்றார். அடுத்த வருடம் 55, மறுபடி தோல்வி. மூன்றாம் முறை 95. பெய்ஜிங் பல்கலைக்கழகம் ஆங்கிலத் துறையிலேயே இடம் கொடுத்தது. இவரை இந்தக் கட்டுரையின் பின்பாதியில் மீண்டும் சந்திக்க வேண்டியிருக்கும்.

அந்த ஆண்டுகளின் ஆங்கிலப் பசி தனி ரகம். ஷாங்காய் மக்கள் பூங்காவில் 1970-களின் கடைசியில் ‘ஆங்கில மூலை’ முளைத்தது. ஞாயிறு காலையில் முன்பின் தெரியாதவர்கள் மரத்தடியில் கூடி, தெரிந்த ஆங்கிலத்தைப் பேசிப் பார்ப்பார்கள். வாத்தியார் கிடையாது, கட்டணம் கிடையாது. 1982 தொடக்கத்தில் பிபிசியின் ‘ஃபாலோ மீ’ பாடத்தொடர் சீனத் தொலைக்காட்சியில் வந்தபோது, பெட்டி இருந்த வீட்டில் தெருவே உட்கார்ந்தது. இவர்கள் யாரும் தேர்வுக்கு என்று படிக்கவில்லை. வெளியுலகம் என்று ஒன்று இருப்பது தெரிந்துவிட்டது. அதன் பேச்சு காதில் விழ வேண்டும் என்ற ஆசைதான்.

ஆசையை அளக்க முடியாது. அரசுக்கோ அளந்தாக வேண்டும். பல்கலைக்கழகங்கள் பாடத்திட்டப்படி ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கின்றனவா என்று சரிபார்க்க வந்ததுதான் நான்காம் படித் தேர்வு. ஷாங்காய் ஜியாவ்தோங் பல்கலைக்கழகப் பேராசிரியர் யாங் ஹுய்ஜோங் தலைமையில் இதை வடிவமைத்தவர்கள் அளவியல் தெரிந்தவர்கள். பெய்ஜிங், சிங்ஹுவா, ஃபூதான், சியான் ஜியாவ்தோங் உள்ளிட்ட ஆறு முன்னணிப் பல்கலைக்கழக மாணவர்களை எழுதவைத்து அளவுகோல் செய்துகொண்டார்கள். நூற்றுக்கு அறுபது தேர்ச்சி. எண்பத்தைந்தைத் தொட்டால் சான்றிதழில் ‘சிறப்பு’. சோதிக்க நினைத்தது பாடம் நடத்துபவர்களை. வியர்த்தது என்னவோ பிள்ளைகளுக்கு.

காரணம் எளியது. பல்கலைக்கழகங்கள் தங்கள் தேர்ச்சி விகிதத்தைப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பிடத் தொடங்கின. விகிதத்தை உயர்த்த ஒரே வழி மாணவர் கழுத்தில் கத்தி வைப்பது. நான்காம் படி தேறாவிட்டால் இளங்கலைப் பட்டம் இல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக விதி போட்டன. நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை என்று கல்வி அமைச்சகம் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் விளம்பரத்தில் ‘நாலு தேறியிருக்க வேண்டும்’ என்று போட்டார்கள். ஷாங்காயில் படித்த வெளியூர்ப் பட்டதாரிக்கு அந்த நகரத்தின் குடிப்பதிவு கிடைப்பதற்கான புள்ளிக் கணக்கிலும் இந்த மதிப்பெண் ஏறியது. பாலத்துக்கு அஸ்திவாரம் போடப் போகிறவருக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் மூன்றாவது பொருள் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்களும் கேட்டுவிட்டுப் போய்ப் படித்தார்கள்.

எப்படிப் படித்தார்கள் என்பதுதான் சுவையான பகுதி.

விடியற்காலை வளாகத்து ஏரியைச் சுற்றி ஒரு சுற்று வந்தால் தெரியும். மரத்துக்கு ஒருவராக, சுவரைப் பார்த்தபடி ஒருவராக, புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்து உரக்க வாசிப்பார்கள். யாரும் யாருக்காகவும் வாசிப்பதில்லை. ‘காலை வாசிப்பு’ என்றே இதற்குப் பெயர். பழைய சீனக் குருகுலத்தில் கன்ஃபூசியஸ் நூல்களைப் பிள்ளைகள் தலையை ஆட்டி ஆட்டி ஓதிய அதே முறை. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆத்திசூடி ஒலித்தது போலத்தான். நூல் மாறியது, ஓதல் மாறவில்லை.

கையில் இருக்கும் புத்தகம் பெரும்பாலும் சொற்பட்டியல். நான்காம் படிக்கு நாலாயிரத்துக்கு மேல் சொற்கள். அகர வரிசையில் அடுக்கிய பல பட்டியல்களில் முதலில் கண்ணில் படும் கடினச் சொல் ‘அபேண்டன்’. பொருள்: கைவிடு. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் சபதம் எடுத்து, புத்தகம் வாங்கி, முதல் பக்கத்தைத் திறந்தால் அதுவே வந்து நிற்கும். நாலு நாளில் சபதம் காற்றோடு போகும். அடுத்த பருவம் திரும்பவும் அபேண்டன். சீன மாணவருக்கு வாழ்நாளில் மறக்காத ஆங்கிலச் சொல் இதுதான் என்பது வளாகமெங்கும் உலவும் நகைச்சுவை. பழைய புத்தகத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் ‘ஏ’ எழுத்துப் பக்கங்கள் மட்டும் விரல் அழுக்கேறிக் கறுத்திருக்கும். மற்றதெல்லாம் பளிச்சென்று வெள்ளை. பதிப்பாளர்களுக்கும் விஷயம் எட்டியிருக்கும்போல. அகர வரிசையைக் கலைத்துப் போட்ட ‘கலைத்த வரிசைப் பதிப்பு’ என்று தனியாகவே அச்சடித்து விற்றார்கள். அதுவும் நன்றாக விற்றது.

கொள்குறி வினாவுக்கு வாய்மொழிச் சூத்திரங்கள் கிளம்பின. மூன்று விடை குட்டையாகவும் ஒன்று நெட்டையாகவும் இருந்தால் நெட்டையைத் தேர்ந்தெடு. மூன்று நெட்டை, ஒன்று குட்டை என்றால் குட்டையை. எழுத வேண்டிய கட்டுரைக்கு அச்சுவார்ப்பு. சமூகத்தின் வேகமான வளர்ச்சியைப் பாராட்டி ஒரு தொடக்கம், சிலர் இப்படிச் சொல்கிறார்கள் சிலர் அப்படிச் சொல்கிறார்கள் என்று நடுப்பகுதி, என் கருத்தில் என்று ஒரு முடிவு. இடையில் தலைப்பைச் செருகினால் போதும். புகையிலையானாலும் செல்பேசியானாலும் அதே சட்டைதான், பொத்தான் மட்டும் வேறு. நம்மூரில் இதை ‘டப்பா அடிப்பது’ என்போம். சீனத்தில் இதற்கு வம்சாவளியே இருக்கிறது. 1905-ல் ஒழிக்கப்பட்ட பேரரசுத் தேர்வில் ‘எட்டுக்கால் கட்டுரை’ என்று ஒன்று இருந்தது. எட்டுப் பகுதி, ஒவ்வொன்றுக்கும் கட்டுக்கோப்பான விதி. மிங் காலத்திலேயே வென்றவர்களின் கட்டுரைகளைத் தொகுத்து அச்சிட்டுக் கடைக்காரர்கள் காசு பார்த்தார்கள். அந்த வியாபாரம் மொழி மாறி மறுபிறவி எடுத்ததில் வியப்பில்லை.

பள்ளி இறுதித் தேர்விலிருந்து ஓர் ஆசாமியும் இவர்கள் கூடவே வருவார்: லி ஹுவா. வினாத்தாளில் அவர் எப்போதும் ஏதோ ஒரு வெளிநாட்டு நண்பருக்குக் கடிதம் எழுத வேண்டியவராக இருப்பார், எழுதுவது நீங்கள். இத்தனை வருடமாக நாடே அவருக்காக எழுதுகிறது, அவருக்குச் சொந்தமாக ஒரு வரி வராதா என்று பிள்ளைகள் அலுத்துக்கொள்வார்கள்.

இவ்வளவும் செய்தவர்களால் ஆங்கிலத்தில் வழி கேட்க முடியவில்லை. ‘ஊமை ஆங்கிலம்’ என்று சீனர்களே பெயர் வைத்தார்கள். கண் படிக்கும், கை வட்டம் நிரப்பும், வாய் திறக்காது. தேர்வில் பேச்சுக்கு இடமே இல்லாதபோது வாய் எப்படித் திறக்கும்? வாய்மொழித் தேர்வு வந்தது 1999-ல்தான், அதுவும் விரும்பினால்.

இந்த ஊமைத்தனத்தின் மீது ஒருவர் சாம்ராஜ்யம் கட்டினார். லி யாங், லான்ஜோ பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் மாணவர். பாடங்களில் வரிசையாகத் தோல்வி, மனிதரைக் கண்டால் கூச்சம். 1988-ல் நான்காம் படிக்குப் படிக்கத் தொடங்கியவர், மனசு ஒருமுகப்படாமல் போகவே வளாகத்தின் ஆளில்லாத மூலைக்குப் போய் ஆங்கில வாக்கியங்களை அடித்தொண்டையிலிருந்து கத்தினாராம். நான்கு மாதம் கத்தியதில் தேர்வில் பல்கலைக்கழகத்திலேயே இரண்டாவதாக வந்தார் என்பது அவர் மேடைதோறும் சொன்ன கதை. 1990-களில் அதையே ‘கிறுக்கு ஆங்கிலம்’ என்ற வியாபாரமாக்கினார். எவ்வளவு முடியுமோ அவ்வளவு உரக்க, வேகமாக, தெளிவாக என்பது சூத்திரம். விளையாட்டரங்கில் ஆயிரக்கணக்கானவர்கள் கையை உயர்த்தி ஒரே குரலில் ஆங்கிலம் முழங்கினார்கள். இயக்குநர் ஜாங் யுவான் 1999-ல் எடுத்த ஆவணப்படத்தில் இந்தக் கூட்டங்களைப் பார்க்கலாம். மொழி வகுப்பா, திருவிழாவா, அரசியல் மாநாடா என்று பார்ப்பவருக்குக் குழப்பம் வரும். வெட்கத்தைக் கழற்றி வைக்கக் கற்றுக்கொடுத்ததில் அவருக்குப் பங்கு உண்டு. ஆனால் கத்திய வாக்கியம் உரையாடலாகிவிடாது. 2011-ல் அவருடைய அமெரிக்க மனைவி கிம் லீ, கணவர் அடித்த காயங்களைப் படமெடுத்து வெளியிட்டார். 2013-ல் பெய்ஜிங் நீதிமன்றம் குடும்ப வன்முறையை உறுதிசெய்து விவாகரத்து வழங்கியது. சீனாவில் குடும்ப வன்முறை பற்றிய பேச்சைத் திறந்துவிட்ட வழக்குகளில் அது முக்கியமானது. வீட்டுக்குள் எழுந்த கத்தல் அப்படி வெளியே கேட்டது.

இனி யூ மின்ஹோங். படித்த இடத்திலேயே ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்தவர், மாலையில் வெளியே டியூஷன் எடுத்து மாட்டிக்கொண்டார். பல்கலைக்கழகம் அவர் மீதான தண்டனையை வளாக ஒலிபெருக்கியில் படித்தது. மானம் போன இடத்தில் இருக்க முடியாமல் 1991-ல் வெளியேறினார். அமெரிக்கா போக விசா கிடைக்கவில்லை. பசைவாளியும் தூரிகையுமாகப் பெய்ஜிங் மின்கம்பங்களில் தானே நோட்டீஸ் ஒட்டி, 1993-ல் நியூ ஓரியண்டல் பள்ளியைத் தொடங்கினார். குளிர்காலத்தில் வாளியிலேயே பசை உறைந்துபோகும் என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். முதலில் வெளிநாட்டுப் படிப்புக்கான டோஃபல், ஜிஆர்இ. பிறகு நான்கும் ஆறும். ஒரு வகுப்பில் நூற்றுக்கணக்கானவர்கள். வாத்தியார் வினா எடுத்தவரின் மனசைப் பிட்டு வைப்பார், நடுவில் நகைச்சுவை, கடைசியில் வாழ்க்கையில் விழுந்து எழுந்த கதை. மூன்று முறை நுழைவுத் தேர்வு எழுதியவர் சொன்னால் எடுபடாமல் போகுமா?

வினாத்தாள்கள் எங்கிருந்து வந்தன என்ற கேள்வியும் எழுந்தது. டோஃபலை நடத்தும் அமெரிக்க நிறுவனமான இடிஎஸ், தன் பழைய வினாக்களை அனுமதியின்றி அச்சிட்டு விற்றதாக 2001-ல் பெய்ஜிங்கில் நியூ ஓரியண்டல் மீது வழக்குப் போட்டது. 2003-ல் நியூ ஓரியண்டல் ஒரு கோடி யுவான் தர வேண்டும் என்று தீர்ப்பு. மேல்முறையீட்டில் தொகை குறைந்தது, பதிப்புரிமை மீறல் என்ற தீர்ப்பு மாறவில்லை. பள்ளி தளரவும் இல்லை. 2006-ல் நியூயார்க் பங்குச்சந்தைக்கே போய்விட்டது.

அந்த நேரத்தில் அரசு தன் தேர்வைக் கொஞ்சம் சாந்தப்படுத்தப் பார்த்தது. ஆளுக்குப் பதில் ஆள் எழுதுவது பெருகியிருந்தது. சீன மாணவர் வழக்கில் அவர்களுக்குப் பெயர் ‘துப்பாக்கிக்காரர்’. 2005-ல் நூறு மதிப்பெண் போய் 710 வந்தது. சான்றிதழ் இல்லை, வெறும் மதிப்பெண் தாள். தேர்ச்சி, தோல்வி என்ற சொற்களே கிடையாது. ஆனால் ஆறாம் படி எழுத வேண்டுமானால் நான்கில் 425 வேண்டும் என்று ஒரு சின்ன விதி ஒட்டிக்கொண்டிருந்தது. 710-ல் அறுபது விழுக்காடு எவ்வளவு என்று போட்டுப் பார்த்த மாணவர்கள், பழைய அறுபதுதான் வேறு வேட்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார்கள். நாடு முழுக்க 425 என்றால் தேர்ச்சி.

2013 டிசம்பரில் வேறொரு வெடி. ஒற்றை வாக்கியங்களாக இருந்த மொழிபெயர்ப்பு, முழுப் பத்தியாக மாறியது. சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்கு, அதுவும் சீனப் பண்பாடு பற்றி. தேநீர், கயிற்று முடிச்சுக் கைவினை, பட்டுப் பாதை, இலையுதிர் நடுவிழா. ஆப்பிரிக்க யானை பற்றியும் அமெரிக்கப் பல்கலைக்கழகம் பற்றியும் பயிற்சி எடுத்தவர்களுக்குத் தன் பாட்டி வீட்டு நிலாப் பண்டத்தை ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லை. அச்சுவார்ப்பு இங்கே உதவாது என்பதால் இந்த மாற்றத்தை நல்லது என்றே சொல்லத் தோன்றுகிறது. அடுத்த பருவத்துக்குள் கடையில் ‘பண்பாட்டுச் சொற்கள்’ என்று தனிப் புத்தகம் வந்துவிட்டது என்றால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

2023 செப்டம்பரில் சியான் ஜியாவ்தோங் பல்கலைக்கழகம், பட்டத்துக்கும் இந்தத் தேர்வுக்கும் இனி முடிச்சு இல்லை என்று அறிவித்தது. ஆரம்பத்தில் அளவுகோல் செய்துகொடுத்த ஆறில் அதுவும் ஒன்று. இணையத்தில் பாதிப்பேர் கைதட்டினார்கள். மீதிப்பேர் கிராமத்துப் பிள்ளைக்கு இருந்த ஒரே ஆங்கில நிர்ப்பந்தமும் போயிற்றே என்றார்கள்.

பயிற்சித் தொழில் அதற்கு முன்பே ஆட்டம் கண்டிருந்தது. 2021-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கான லாப நோக்கு டியூஷனுக்கு அரசு தடை போட்டதும் நியூ ஓரியண்டல் பல்லாயிரம் பேரை வேலையைவிட்டு அனுப்பியது. மிச்சமான பெஞ்சு நாற்காலிகளைக் கிராமப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. யூ மின்ஹோங் இணைய நேரலையில் விவசாயப் பொருள் விற்க இறங்கினார். ஆறு மாதம் ஈயாடியது. 2022 ஜூனில் டோங் யூஹுய் என்ற ஆசிரியர், மாட்டிறைச்சித் துண்டைக் காட்டிக்கொண்டே சின்ன வெள்ளைப் பலகையை எடுத்து அதன் ஆங்கிலப் பெயரை எழுதி, உச்சரித்து, கூடவே ஒரு கதையும் சொல்லத் தொடங்கினார். கூட்டம் லட்சக்கணக்கில் குவிந்தது. வகுப்பில் உட்கார்ந்தவர்கள்தானே பார்க்கிறவர்களும். பலருக்குப் பழைய கோடை விடுமுறை ஞாபகம் வந்தது. கருத்துப் பகுதியில் சொற்களைத் திருப்பி எழுதினார்கள், உச்சரிப்பில் சந்தேகம் கேட்டார்கள். அதற்கிடையில் அரிசி மூட்டை விற்றுத் தீர்ந்துகொண்டிருந்தது.